திருகுவதற்கு மூடி போதும், பூட்டுவதற்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் பக்கத்தில் ஏ.ஆர். ஹெட்செட்டுகளைப் பற்றி, அதாவது கண்முன் இருக்கும் நிஜக் காட்சிமேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் தலைக்கருவிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். கண்முன்னே மிதக்கும் திரைகள், காற்றில் விரலைக் கிள்ளினால் விரியும் பட்டியல்கள், பொத்தானே இல்லாத கருவி என்று எழுதியிருந்தது. பொத்தான் இல்லாததைப் பெருமையாகச் சொன்ன இடத்தில்தான் எங்களுக்கு மாற்றுக் கருத்து. அதைக் குறையாகவே நாங்கள் பார்க்கிறோம். கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்து பாருங்கள், தோள் கடுக்கும். இந்தத் துறையில் அதற்குக் 'கொரில்லா கை' என்றே பெயர். விரல் எதிலும் படாததால், அழுத்தினோமா இல்லையா என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். மூக்கைச் சொறிந்தால்கூடச் சில நேரம் கிள்ளலாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதற்கு மாற்று, மேசைமேல் கிடக்கும் சாமான்களிலேயே இருக்கிறது. ஹெட்செட்டின் கேமராக்கள் எப்படியும் மேசையைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. ஜாடி மூடியைத் திருகினால் ஒலி கூடட்டும், நோட்டைக் குப்புறக் கவிழ்த்தால் பதிவு நிற்கட்டும் என்று சொல்லிவைக்கலாம். யோசனை புதிதல்ல. கையால் பிடித்து நகர்த்தும் பொருளையே கணினியின் இடைமுகமாக்கலாம் என்பதை எம்.ஐ.டி.யின் ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் 1997-லேயே முன்வைத்தார்கள். அச்சிட்ட கருப்புச் சதுரத்தைக் கேமராவால் கண்டுபிடித்து அதன்மேல் படத்தை நிறுத்தும் முறையை 1999-ல் ஹிரோகாசு கட்டோவும் மார்க் பில்லிங்ஹர்ஸ்டும் வெளியிட்டார்கள். 2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஹெண்டர்சனும் ஸ்டீவன் ஃபைனரும் இன்னும் ஒரு படி போனார்கள்: பழுது பார்க்கிறவர் முன்னால் இருக்கும் இயந்திரத்தின் போல்ட் தலை, மேடு, விளிம்பு ஆகியவற்றையே பொத்தானாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2014-ல் வந்த கூகுள் கார்ட்போர்டு அட்டைப் பெட்டியில் பொத்தான் என்று இருந்ததே பக்கவாட்டில் ஒட்டிய ஒரு காந்தம்தான். அதை இழுத்தால் உள்ளே இருக்கும் கைபேசியின் காந்த உணரி அசைவை அறியும். எல்லாக் கைபேசியிலும் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை, அடுத்த ஆண்டே காந்தத்தை எடுத்துவிட்டுத் திரையைத் தொடும் நெம்புகோலை வைத்தார்கள்.

பொருளை வைத்துக் கருவியை இயக்குவதும், பொருளை வைத்துக் கருவியைப் பூட்டுவதும் ஒன்றுதான் என்று பலரும் பேசிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. ஒன்றுக்கு உதவும் குணமே இன்னொன்றில் காலை வாரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இயக்குவது. ஒலி, வெளிச்சம், படத்தின் பெரிதாக்கம் போன்றவற்றுக்கு ஒரு திருகு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூடியின் மேல் மார்க்கரை, அதாவது மேலே சொன்னது போன்ற அச்சிட்ட கருப்புச் சதுரத்தை ஒட்டினால், மூடி எவ்வளவு திரும்பியது என்று கேமராவுக்குத் தெரியும். எல்லோருக்கும் முதலில் கை போவது தண்ணீர் பாட்டில் மூடிக்கு. அது வேண்டாம், கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். அதன் விட்டம் சுமார் 30 மி.மீ. அந்த வட்டத்துக்குள் அடங்கும் சதுரத்தின் பக்கம் 21 மி.மீ. ஆருகோ என்ற மார்க்கர் வகையில் மிகச் சிறியது 4×4 கட்டம். சுற்றிலும் கருப்புக் கரை சேர்த்தால் 6, அதற்கும் வெளியே வெள்ளை விளிம்பு சேர்த்தால் 8. ஆக ஒரு கட்டம் 2.6 மி.மீ. 1280 பிக்சல் அகலமும் 90 பாகைப் பார்வையும் கொண்ட கேமராவுக்குக் குவியத் தொலைவு பிக்சல் கணக்கில் 640. அரை மீட்டர் தள்ளி இருக்கும் மூடியில் ஒரு கட்டத்துக்கு 640 × 2.6 ÷ 500, அதாவது 3.3 பிக்சல்தான் கிடைக்கும். கட்டத்துக்கு 5 பிக்சலாவது இல்லாவிட்டால் மார்க்கர் தெரிவதும் மறைவதுமாக மின்னிக்கொண்டே இருக்கும். 70 மி.மீ. விட்டமுள்ள ஜாடி மூடியை எடுத்தால் ஒரு கட்டம் 6.1 மி.மீ., அதே தூரத்தில் 7.8 பிக்சல். தாராளம். ஒரு மீட்டருக்குத் தள்ளிவைத்தால் இதுவும் 3.9-க்கு இறங்கிவிடும், ஆகவே கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

மார்க்கரை லேசர் பிரிண்டரில் சாதாரணத் தாளில் எடுங்கள். பளபளப்பான தாளும் லேமினேஷனும் கூடாது, மேலே விளக்கு இருந்தால் கருப்புக் கட்டம் வெள்ளையாக மின்னும். வெள்ளை விளிம்பை வெட்டிவிடாதீர்கள். முதல்முறை செய்கிறவர்களில் பலர் அழகுக்காகக் கருப்புக் கரையோடு ஒட்ட வெட்டிவிட்டு, ஏன் தெரியவில்லை என்று மென்பொருளைத் திட்டுவார்கள். கருமை நிற மூடியில் ஒட்டியிருந்தால் கரை எங்கே முடிகிறது என்று கேமராவுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். ஒட்டி முடித்ததும் கருப்புச் சதுரத்தின் பக்கத்தை அளவுகோலால் அளந்து, அந்த எண்ணை மென்பொருளில் கொடுக்க வேண்டும். கோப்பில் இருந்த அளவைக் கொடுக்கக் கூடாது. தாளுக்குள் அடக்கு என்ற அமைப்பில் பிரிண்டர் 97 சதவீதமாகச் சுருக்கியிருந்தால், 50 செ.மீ. தூரத்தில் உள்ள மூடியை ஹெட்செட் 51.5 செ.மீ. என்று நினைக்கும். மூடிமேல் நிற்க வேண்டிய படம் ஒன்றரை செ.மீ. உள்ளே புதைந்து நிற்கும்.

மூடியை மட்டும் மேசைமேல் வைத்தால் திருகும்போது வழுக்கி ஓடும். ஜாடியோடு சேர்த்தே வையுங்கள். முழுப் புரியுள்ள ஜாடியாக இருக்கட்டும், கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் வகை உதவாது. புரியின் உராய்வே விரலுக்கு ஒரு பிடிமானம் தரும். முழுக்க இறுக்கிய இடத்தைச் சுழியம் என்று வைத்துவிட்டால், கண்ணால் பார்க்காமலே சுழியத்துக்குக் கொண்டுவரலாம். காற்றில் கிள்ளுவதில் இந்த வசதி வரவே வராது. ஒரே ஒரு சிக்கல்: இறுக்குவது வலஞ்சுழி, ஒலியைக் கூட்டுவதும் வழக்கமாக வலஞ்சுழி. இறுக்கினால் சுழியம் என்றால் திசை தலைகீழாகிவிடும். இதைக் குழாய்த் திருகாக நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை, இடப்பக்கம் திருப்பத் திருப்பத் திறக்கும். வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் இது சட்டென்று பழகிவிடுகிறது. எண்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் இது சரிப்படாது.

ஜாடியை உடலுக்கு நேர் எதிரே வைத்து மேலிருந்து கவ்விப் பிடித்தால் உள்ளங்கை மார்க்கரை முழுக்க மறைத்துவிடும். சற்றுப் பக்கவாட்டில், 45 பாகைச் சரிவில் தெரியும்படி வைத்து, விரல் நுனியால் விளிம்பைப் பிடித்துத் திருக வேண்டும். சரிவில் ஒரு பக்கம் சுருங்கி 7.8 பிக்சல் 5.5 ஆகும், பரவாயில்லை. அப்படியும் அவ்வப்போது மறையும். மறைந்தால் கடைசி மதிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், சுழியத்துக்குப் போய்விடக் கூடாது. திரும்பத் தெரியும்போது புதிய மதிப்புக்கு ஒரே தாவலாகத் தாவாமல் கால் வினாடியில் நகர்ந்து சேரட்டும், காதில் ஒலி வெடிக்காது.

நடுக்கமும் வரும். மார்க்கரின் மூலையைக் கண்டுபிடிப்பதில் 0.3 பிக்சல் பிழை இருந்தால், 47 பிக்சல் பக்கமுள்ள சதுரத்தில் கோணம் சுமார் 0.4 பாகை ஆடும். ஒரு சுற்றை 24 படிகளாகப் பிரித்தால் படிக்கு 15 பாகை. படி மாறும் எல்லையைச் சரிபாதியான 7.5-ல் வைத்தால், எல்லையில் நிற்கும்போது எண் முன்னும் பின்னும் துள்ளும். 9 பாகை நகர்ந்தால்தான் மாறும் என்று வைத்தால் துள்ளல் நின்றுவிடும். படி இல்லாமல் வழுக்கி நகர வேண்டுமானால் 2012-ல் கஸியே, ருசெல், வோகல் மூவரும் வெளியிட்ட 'ஒன் யூரோ' வடிப்பானே இன்றுவரை நல்ல தேர்வு. மெல்ல நகர்ந்தால் நடுக்கத்தை அதிகம் சமன்செய்யும், வேகமாக நகர்ந்தால் விட்டுக்கொடுக்கும், சில வரிகளில் எழுதிவிடலாம்.

மங்கலான அறையில் எதுவுமே சரியாக வேலை செய்யாது என்பார்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 1/60 வினாடி வரை திறந்திருக்கும். கையில் எடுத்த பொருள் வினாடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் அந்த நேரத்துக்குள் 8.3 மி.மீ. போய்விடும். நம் கட்டமோ 6.1 மி.மீ. கருப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகிவிடும். மேசை விளக்கு ஒன்றைப் போட்டுத் திறப்பு 1/250-க்கு இறங்கினால் நகர்வு 2 மி.மீ. மட்டுமே. மென்பொருளை மாற்றுவதைவிட விளக்கைப் போடுவது சுலபம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தட்டையான சிறிய மார்க்கரை நேர் எதிரே பார்க்கும்போது, அது இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதா அந்தப் பக்கமா என்பதற்கு இரண்டு விடைகளும் ஏறக்குறைய சமமாகப் பொருந்தும். படம் திடீர் திடீரென்று மறுபுறம் கவிழ்ந்து திரும்புவது இதனால்தான். ஹெட்செட்டுக்குள் இருக்கும் முடுக்கமானிக்குப் புவியீர்ப்புத் திசை தெரியும். மூடி மேசையில்தான் இருக்கும், அதன் முகம் மேல்நோக்கித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டால் தவறான விடை கழன்றுவிடும்.

ஒரு விதியை மட்டும் எந்தப் பொருளானாலும் விடக் கூடாது: பொருள் நகர்ந்ததெல்லாம் கட்டளை ஆகாது. கை பொருளுக்கு இரண்டு செ.மீ. அருகில் வந்து அரை வினாடி நின்ற பிறகே நகர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையைத் துடைக்கிறவர் உங்கள் கூட்டத்தை முடித்துவிடுவார்.

மார்க்கர் ஒட்டாமலே பொருளை அடையாளம் காண முடியாதா என்றால், முடியும். ஆப்பிளின் விஷன் புரோ ஹெட்செட்டுக்கு 2024-ல் வந்த விஷன்ஓஎஸ் 2 இயங்குதளம், பொருளின் முப்பரிமாண மாதிரியைக் கொடுத்துப் பயிற்றுவித்தால் அதைக் கண்டுபிடித்துப் பின்தொடரும். வளையாத, மேற்பரப்பில் வடிவமோ எழுத்தோ உள்ள, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத பொருளாக இருந்தால் நன்றாக வரும். கண்ணாடிக் குவளை, பளபளக்கும் எஃகு, கைப்பிடியில்லாத வெறும் உருளை எல்லாம் காலை வாரும். உருளை எவ்வளவு சுழன்றது என்று யாருக்குத்தான் தெரியும்? கைப்பிடி உள்ள கோப்பையை எடுங்கள்.

இனி பூட்டு. இங்கேதான் கட்டுரைகள் வழுக்குகின்றன. 'உங்கள் கோப்பையே உங்கள் கடவுச்சொல்' என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். மார்க்கர் ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் குறிக்கும். மேலே சொன்ன ஆருகோ 4×4 தொகுப்புகளில் அதிகம் புழங்குவதில் இருப்பவை மொத்தம் 50 எண்கள். ஏப்ரல்டேக் என்ற இன்னொரு மார்க்கர் வகையில் எல்லோரும் பயன்படுத்தும் 36எச்11 தொகுப்பில் 587. இவை எல்லாமே வெளிப்படையாகக் கிடைப்பவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தூரத்திலிருந்து கைபேசியில் எடுத்த படத்தைக்கூட அச்சிட்டு ஒட்டிவிடலாம். மார்க்கர் ஒரு பெயர்ப்பலகை. வீட்டுக்கு வெளியே பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம் என்பதற்காகக் கதவைப் பூட்டாமல் போவதில்லை. மார்க்கர் இல்லாமல் அடையாளம் காணும் முறையிலும் இதே கதைதான். கேமரா கற்றுக்கொள்வது அந்த வகைக் கோப்பையை, உங்கள் கோப்பையை அல்ல. அதே அச்சில் வார்த்த எல்லாக் கோப்பையும் அதற்கு ஒன்றுதான். ஒற்றைக் கேமரா மட்டும் பார்க்கும் கருவியாக இருந்தால் கோப்பையின் புகைப்படமே போதும். இரண்டு கேமராவும் ஆழமும் சேர்த்துப் பார்த்தால் புகைப்படம் மாட்டிக்கொள்ளும், அதே வகையில் வேறொரு கோப்பை மாட்டிக்கொள்ளாது.

அப்படியானால் பூட்டுவதற்குப் பொருள் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. காற்றில் பின் (PIN) எண் தட்டுவது சுற்றியிருப்பவர்களுக்கு நாடகம் காட்டுவது போல. தட்டுகிறவருக்கோ யார் பார்க்கிறார்கள் என்பதே சரியாகத் தெரியாது. விசையைக் கண்ணால் பார்த்துத் தட்டினால் பிறருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். 2024-ல் ஆய்வாளர்கள் கேஸ்ப்ளாய்ட் என்ற தாக்குதலைக் காட்டினார்கள்: விஷன் புரோ அணிந்தவரின் வீடியோ அழைப்பில் தெரியும் கணினி வரைந்த உருவத்தின் கண் அசைவை வைத்தே அவர் என்ன தட்டுகிறார் என்று ஊகித்துவிட்டார்கள். விசைப்பலகை திறந்திருக்கும்போது அந்த உருவத்தை மறைத்து விஷன்ஓஎஸ் 1.3-ல் அடைத்தார்கள். கருவிழி ஸ்கேன் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 ஹெட்செட்டிலும் விஷன் புரோவிலும் இருக்கிறது, ஒருவரே அணியும் கருவிக்கு அது நல்ல வழி, மறுப்பதற்கில்லை. பயிற்சிக்கூடத்தில் ஒரே ஹெட்செட்டை இருபது பேர் மாற்றி மாற்றி அணியும்போது இருபது பேரின் கருவிழியையும் அதில் சேர்ப்பதா என்ற கேள்வி வருகிறது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், கண்ணை மாற்ற முடியாது.

பொருளோடு ஒரு ரகசியத்தையும் சேர்ப்பது அடுத்த படி. 2017-ல் பிக்ஸி என்ற முறையை முன்வைத்தவர்கள் இதைத்தான் செய்தார்கள்: கைபேசிக் கேமராவில் காட்ட வேண்டிய பொருள் எது, எந்தக் கோணத்தில் என்பதை உரியவர் மட்டும் அறிந்திருப்பார். மேசையிலும் இதைச் செய்யலாம். எட்டுப் பொருள்களில் நான்கை ஒரு வரிசையில் வைக்க 8 × 7 × 6 × 5, அதாவது 1,680 வழிகள். நான்கு இலக்கப் பின் எண்ணின் 10,000-ஐவிடக் குறைவு. ஒவ்வொன்றையும் நான்கு திசைகளில் ஒன்றில் திருப்பி வைக்கலாம் என்றால் 256-ஆல் பெருக்கி 4,30,080. ஆறு இலக்கப் பின் எண்ணின் 10 லட்சத்தில் பாதிகூட இல்லை. காகிதத்தில் வரும் இந்த எண்ணும் நிஜத்தில் கிடைக்காது, ஏனென்றால் யாரும் சீரற்ற முறையில் அடுக்குவதில்லை. பெரிய பொருள் முதலில், எல்லாம் தன்னை நோக்கி நேராக. ஐந்து முறை தவறினால் பூட்டிவிடும் ஏற்பாடு இல்லாமல் இதை வைப்பதில் அர்த்தமே இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. கைபேசித் திரையில் கோடு வரைந்து திறப்பவர்களின் விரல் பிசுக்கை வைத்தே கோட்டைப் படிக்கலாம் என்று 2010-லேயே காட்டிவிட்டார்கள். மேசையில் அடுக்கிய பொருள்கள் அந்தப் பிசுக்கைவிட மோசம். கோப்பையின் கைப்பிடி இடப்பக்கம், பேனா மேல்நோக்கி, சாவிக்கொத்து அதன் வலத்தில் என்று கடவுச்சொல் அப்படியே எழுதிவைத்தது போல நாள் முழுக்க மேசையில் கிடக்கும். திறந்ததும் கலைத்துவிட வேண்டும் என்று சொன்னால் இரண்டு நாள் கலைப்பார்கள். அடுக்கும் முறையை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பரிந்துரைக்கும் முறை ஒன்று உண்டு, அது ஹெட்செட்டில் மட்டுமே சாத்தியம். அணிந்தவருக்குத் தெரிவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, அதைப் பயன்படுத்திக்கொள்வது. மேசையில் ஐந்து பொருள்கள்: கோப்பை, பேனா, நோட்டு, டேப் சுருள், ஸ்டேப்ளர். ஒவ்வொன்றின் இடப்பக்கம் ஒரு தொடுமிடம், வலப்பக்கம் ஒன்று, ஆக 10. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 0 முதல் 9 வரையிலான எண்களை ஹெட்செட் இந்தப் பத்து இடங்களில் புதிதாகக் கலைத்துப் போட்டு, அணிந்தவரின் கண்ணுக்கு மட்டும் காட்டும். அவர் தன் ஆறு இலக்கப் பின் எண்ணைப் பொருள்களைத் தொட்டுத் தொட்டுக் கொடுக்கிறார். இன்று கோப்பையின் இடப்பக்கம் 7, நாளை அது 2. எதிரே நிற்பவர் வீடியோவே எடுத்தாலும் கோப்பை, நோட்டு, பேனா என்ற வரிசைதான் கிடைக்கும். விரல் நிஜப் பொருளில் படுவதால் தொட்டது உறுதியாகத் தெரியும், மேசையில் தடயம் எதுவும் மிஞ்சாது.

இதிலும் கசிவு இல்லாமல் இல்லை. ஒரே இடத்தை இரண்டு முறை தொட்டால், எண்ணில் எந்த இலக்கங்கள் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும். ஆறும் வேறு வேறு என்று தெரிந்தாலே 10 லட்சம் வாய்ப்புகள் 1,51,200-ஆகச் சுருங்கும். ஒவ்வொரு தொடலுக்குப் பிறகும் எண்களைக் கலைத்தால் இது தீரும், ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து இடங்களில் கண்ணை ஓட்டித் தேட வேண்டும், மனிதர்கள் சலித்துவிடுவார்கள். ஐந்து முயற்சி வரம்பு இருக்கும்வரை ஒரு திறப்புக்கு ஒரு முறை கலைப்பதே போதும் என்பது எங்கள் கணிப்பு. மறக்கக் கூடாத இன்னொன்று: ஹெட்செட்டில் தெரிவதை அறைத் திரையில் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் கலைத்த எண்களும் அங்கே வரிசையாக வந்து நிற்கும். பூட்டுத் திரை வந்ததும் அந்த ஒளிபரப்பும் திரைப்பதிவும் தானாக நிற்க வேண்டும். இதைச் சோதிக்காமல் வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொருளே நிஜச் சாவியாக வேண்டுமென்றால் கேமராவை நம்பாமல், பொருளுக்குள் மறைகுறியீட்டுச் சில்லை வைக்க வேண்டும். கோப்பையின் அடியில் என்எஃப்சி ஸ்டிக்கர், அதாவது ரீடருக்கு அருகில் கொண்டுபோனால் வானலையில் பதில் சொல்லும் சில்லு உள்ள ஸ்டிக்கர் ஒட்டலாம். அதிலும் எல்லாம் ஒன்றில்லை. என்டேக் 213 போன்ற மலிவு வகை தன் அடையாள எண்ணைக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிடும். அந்த எண்ணைப் போலியாகச் சொல்லும் அட்டைகள் சந்தையில் கிடைக்கின்றன. என்டேக் 424 டிஎன்ஏ வகை வெளியே வராத ஏஇஎஸ்-128 மறைகுறியீட்டுச் சாவியை வைத்து ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டையும் எண்ணிக்கையையும் தரும், பழையதைப் பதிவு செய்து திரும்பக் காட்டினால் செல்லாது. உலோகக் கோப்பையில் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது, உலோகம் அலையை விழுங்கிவிடும். ஃபெரைட் அடுக்கு வைத்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் என்எஃப்சி ரீடர் கிடையாது, ஒரு ப்ளூடூத் ரீடரோ கைபேசியோ நடுவில் தேவைப்படும். அந்த நடு இணைப்பும் மறைகுறியீட்டோடு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மேசைக்கடியில் ரீடர், மேலே கோப்பை என்று வைக்க நினைத்தால் பலகையின் தடிமனைப் பாருங்கள், இந்த அலை எட்டுவது சில சென்டிமீட்டர்தான்.

பொருளை எடுத்தால் பூட்டிக்கொள்ளும் என்ற ஏற்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. கேமராவுக்குப் பொருள் தெரியவில்லை என்பதும் பொருள் அங்கே இல்லை என்பதும் ஒன்றல்ல. அணிந்தவர் சன்னல் பக்கம் திரும்பினாலே கோப்பை பார்வையிலிருந்து போய்விடும். அதற்கெல்லாம் பூட்டினால் அரைமணி நேரத்தில் அந்த வசதியை அணைத்துவிடுவார்கள். பொருள் நின்ற இடத்தை அறையின் வரைபடத்தில் குறித்துவைத்து, அந்த இடம் பார்வைக்குள் வந்து, நடுவில் கையோ வேறெதுவோ மறைக்காமல், இரண்டு வினாடி காலியாகத் தெரிந்தால் மட்டுமே எடுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். ரீடர் மேல் வைத்த சில்லாக இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே இல்லையென்றால் இல்லைதான்.

தீய நோக்கத்தோடு ஒட்டப்படும் மார்க்கர்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அதே எண்ணைப் பெரிதாக அச்சிட்டு எதிர்ச் சுவரில் ஒட்டினால் பல செயலிகள் அதையே மூடி என்று எடுத்துக்கொள்ளும். பதிவு செய்த எண், பதிவு செய்த அளவு, பதிவு செய்த மேசை மூன்றும் பொருந்தினால் மட்டும் ஏற்க வேண்டும். பணம் அனுப்புவது, கணினிக் கோப்புகளை அழிப்பது, கதவைத் திறப்பது போன்ற எதுவும் பொருளின் அசைவால் மட்டும் நடக்கக் கூடாது.

பொருளை அடையாளம் காண்பதற்காக மேசை முழுவதையும் செயலி பார்க்கலாமா என்பதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. மேசையில் மருந்துச் சீட்டு கிடக்கும், கடிதம் கிடக்கும். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் 2025-ல் பயனரின் அனுமதி பெற்றுச் செயலிகள் கேமராப் படத்தைப் பெறும் வழியைத் திறந்தார்கள். மார்க்கர் படிக்க அது உதவும்தான், ஆனால் மூடி எங்கே என்று தெரிந்துகொள்ள மேசையின் முழுப் படத்தையும் கொடுப்பது அதிகப்படி. இயங்குதளமே பொருளைக் கண்டுபிடித்து, 'மூடி, இந்த இடம், இந்தக் கோணம்' என்ற மூன்றை மட்டும் செயலிக்குத் தந்தால் போதும். தயாரிப்பாளர்களைப் பேட்டி எடுக்கும்போது இதைக் கேளுங்கள் என்று உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

எதிரே இருப்பவர்களுக்கும் பொருள் உதவும். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக ஓர் அட்டை. சிவப்பு மேலே இருந்தால் வீடியோ பதிவு இல்லை. ஹெட்செட்டின் சிறு விளக்கைவிட இது எல்லோருக்கும் புரியும், யார் வேண்டுமானாலும் எட்டித் திருப்பலாம். அட்டையே தெரியாவிட்டால் சிவப்பு என்றே கொள்ள வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால் மஞ்சள் விளக்கில் தடுமாறும், இரு பக்கத்திலும் வேறு வேறு மார்க்கர் இருக்கட்டும்.

சாவியாகும் பொருள் தொலையும், உடையும். இரண்டைப் பதிவு செய்து ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். ஹெட்செட் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

கடைசியாக ஒன்று. வாசகர்கள் செய்துபார்க்க உங்கள் இணைப்பிதழில் மார்க்கர் ஒன்றை அச்சிடும் எண்ணம் இருந்தால், நாளிதழ்த் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். தாள் சாம்பல் நிறம் என்பது பிரச்சினை இல்லை, பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவதுதான் பிரச்சினை. பின்பக்கம் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். மடிப்பு விழும் இடத்திலும் வேண்டாம், சதுரம் வளைந்தால் கோணம் தப்பும். பக்கம் 36 மி.மீ., சுற்றிலும் 6 மி.மீ. வெள்ளை. வாசகர்கள் எல்லோருக்கும் ஒரே எண்தான் போய்ச் சேரும் என்பதால், கீழே சிறிய எழுத்தில் 'திருகுவதற்கு மட்டும்' என்று போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹெட்செட் மென்பொருள் எழுதும் வாசகர்கள் இருவர்